ஆக்னெஸ் பொக்கெல்ஸ் அம்மையார்

எங்கள் ஊர் வேங்கிக்கால். திருவண்ணாமலைக்கு வடபால், வேலூர் செல்லும் சாலையை ஒட்டியது. இன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தால் பலரும் அறிந்த ஊர். யான் சிறுவனாயிருந்த நாளில், நெஞ்சுச்சளிக்குத் தேங்காயெண்ணெயில் இட்டுக் காய்ச்சுதற்பொருட்டு எங்கள் பாட்டியார் ஒரு செப்பில் கற்பூரம் வைத்திருப்பார். அவர் உறங்கும் நேரம் பார்த்து யானும் என் தமக்கையாரும் அதனைக் கிள்ளி எடுத்து, தாம்பாளத்தில் தெளிந்த நீர் வார்த்து, அதன்மேல் இடுவோம். கற்பூரத் துகள்கள் உயிருள்ள பூச்சிகளைப்போல் நீரின்மேல் சுழன்றும் துள்ளியும் ஓடும். பார்ப்பதற்கு அத்துணை இனிமையாயிருக்கும். ஒருநாள் என் தமக்கையார் தலைக்கு எண்ணெய் தடவிய விரலை அறியாது அந்நீரில் வைத்துவிட்டார். ஓடிய துகள்கள் யாவும் அக்கணமே நின்றன. எத்துணை முயன்றும் பின்னர் அவை அசையவில்லை. நீரைக் கொட்டித் தாம்பாளத்தைச் சாம்பலிட்டுத் துலக்கிப் புதுநீர் வார்த்த பின்னரே மீண்டும் ஓடின. விரலில் இருந்த எண்ணெய் கண்ணுக்கே தெரியாத அளவினது. அவ்வளவு சிறிய பொருள் அவ்வளவு பெரிய தாம்பாளத்தை எவ்வாறு ஆண்டது என்பதை வீட்டில் எவரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

கல்லூரிக்கு வந்தபின், பௌதிகம் பயிலும் அறைத்தோழர் ஒருவர் மேசைமேல் கிடந்த நூலொன்றைப் பொழுதுபோக்காகப் புரட்டியபோதுதான் அதன் விடையையும், அவ்விடையை முதன்முதல் ஒழுங்காக அளந்து கண்ட ஒரு பெண்மணியின் பெயரையும் அறிந்தேன். தமிழ் பயிலும் மாணவன் நெய்யையும் நீரையும்பற்றி எழுதப் புகுந்தது ஏன் என்று நகைக்கும் நண்பர்கள் பொறுத்தருள்க. அம்மையாரும் எந்தச் சர்வகலாசாலையிலும் பௌதிகம் பயின்றவர் அல்லர்.

ஆக்னெஸ் பொக்கெல்ஸ் 1862ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 14ஆம் நாள் வெனிஸ் நகரில் பிறந்தார். அந்நாளில் அந்நகர் ஆஸ்திரியப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. தந்தையார் தியோடர் பொக்கெல்ஸ் ஆஸ்திரியப் படையில் அதிகாரியாய் அமர்ந்திருந்தார். அந்நாட்டுச் சதுப்பு நிலங்களில் முறைக்காய்ச்சல் மிகுதி. அந்நோய் அவர் உடல்நலத்தைக் குலைத்தமையால் அவர் படைத்தொழிலைவிட்டு விலக நேர்ந்தது. 1871ஆம் ஆண்டில் குடும்பத்தார் ஜெர்மனியில் உள்ள பிரவுன்ஷ்வைக்கு நகரில் வந்து குடியேறினர். கணித மேதையாகிய காஸ் பிறந்த ஊர் அதுவே. ஆக்னெஸ் தம் எஞ்சிய வாழ்நாள் முழுவதையும் அவ்வூரிலேயே கழித்தார்.

அங்கே நகராட்சியார் நடத்திய பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் பயின்றார். இயற்கை நூல்களில், சிறப்பாகப் பௌதிகத்தில், அவருக்கு அடங்காத வேட்கை இருந்தது. ஆயினும் அக்காலத்து ஜெர்மானியச் சர்வகலாசாலைகள் பெண்களை மாணவராகச் சேர்த்துக்கொள்வதில்லை. பிரஷ்யாவில் அவ்வாயில் முறைப்படி திறந்தது 1908ஆம் ஆண்டிலேதான். அப்போது அம்மையாருக்கு வயது நாற்பத்தாறு. அவருக்கு மூன்றாண்டு இளையவராகிய தம்பி பிரிட்ரிக் கோட்டிங்கன் சர்வகலாசாலைக்குச் சென்று பௌதிகம் பயின்று, பிற்காலத்தில் ஹைடல்பர்க்கில் பேராசிரியரானார். மின்புலத்தால் படிகங்களில் ஒளியின் போக்கு மாறுவதை ஆராய்ந்த அவர் பெயர் இன்றும் அந்நிகழ்ச்சிக்கு வழங்குகின்றது. தமக்கை, நோயுற்ற பெற்றோரைப் பேணும் பொறுப்பை ஏற்று வீட்டில் இருந்தார். சமையல், பாத்திரம் துலக்கல், மருந்து கொடுத்தல் ஆகியவையே அவர் அன்றாடக் கடமைகள். தம்பி தம்முடைய பாடநூல்களையும் சஞ்சிகைகளையும் தமக்கைக்குத் தவறாது அனுப்பிவந்தார். இதற்காக அத்தம்பியை நாம் வாழ்த்துதல் வேண்டும்.

இவ்விடத்தில் என் பேனா சற்றுத் தயங்குகின்றது. என் தமக்கையார் பள்ளியில் பௌதிகத்தில் வகுப்பிற்கு முதலாக நின்றவர். பாட்டியார் படுக்கையில் வீழ்ந்த ஆண்டில் அவர் மேற்படிப்பை விட்டு வீட்டில் இருந்துவிட்டார். மூன்றாண்டு கழித்து யான் கல்லூரிக்கு வந்தேன். அதுபற்றி எங்கள் வீட்டில் எவரும் பேசுவதில்லை. யானும் இதுகாறும் பேசியதில்லை.

நிற்க, அம்மையார் கண்டது யாது என்பதைக் கூறுவோம். நெய்ப்பற்றுள்ள பாத்திரங்களைக் கழுவும் நீரின் மேற்பரப்பு தூய நீரின் மேற்பரப்பைப்போல் நடந்துகொள்ளாமையை அவர் பதினெட்டு வயதளவில் கவனிக்கலானார். நீரின் மேற்பரப்புக்கு ஓர் இழுவிசை உண்டு என்பதை யாவரும் அறிவர். எறும்பு நீர்மேல் நடப்பதும், பனித்துளி உருண்டு நிற்பதும் அதனாலேயே. நெய் கலந்தால் அவ்விசை குறையும் என்பதும் அறிந்ததே. எவ்வளவு நெய்க்கு எவ்வளவு குறையும் என்று கேட்டு, அதனை அளப்பதற்கு ஒரு கருவியையும் தாமே செய்துகொண்டது அவர் தனிச்சிறப்பு. 1882ஆம் ஆண்டில், தம் இருபதாம் வயதில், அக்கருவியை அமைத்தார்.

அதன் அமைப்பு மிக எளியது. எழுபது சென்டிமீட்டர் நீளமும் ஐந்து சென்டிமீட்டர் அகலமும் இரண்டு சென்டிமீட்டர் உயரமும் உள்ள ஒரு தகரத் தொட்டி. அதில் விளிம்பு தளும்ப நீர். நீர்மேல் குறுக்கே, அதனைத் தொடுமாறு வைத்த ஒன்றரைச் சென்டிமீட்டர் அகலத் தகரப் பட்டை. பட்டையை இப்புறமும் அப்புறமும் நகர்த்தினால் அதன் ஒருபக்கத்து நீர்ப்பரப்பு சுருங்கும், மறுபக்கத்துப் பரப்பு விரியும். நீரின் இழுவிசையை அறிவதற்கு, ஆறு மில்லிமீட்டர் குறுக்களவுள்ள சிறு வட்டத்தகடு ஒன்றை நீர்மேல் படிய வைத்து, அதனைப் பெயர்த்தெடுக்க எவ்வளவு எடை வேண்டும் என்று பார்த்தார். எடை பார்த்ததும் விலையுயர்ந்த தராசினால் அன்று. சமமற்ற இரு கைகளும் நகரும் எடையும் உடைய ஒரு சிறு தூக்குக்கோலே அதற்குப் பயன்பட்டது. நம் நாட்டு வணிகர் வெள்ளிக்கோல் என்று வழங்கியதும் இவ்வினத்ததே. சென்ற விடுமுறையில் இவ்வளவுகளைக் கூறக் கேட்ட என் தமக்கையார், நம் வீட்டு அப்பளப் பலகையின் நீளந்தானே என்று தம் கையால் சாண் போட்டுப் பார்த்தார்.

இக்கருவியைக்கொண்டு அவர் கண்ட உண்மையை எங்கள் ஊர்க் காட்சி ஒன்றால் விளக்கலாம். முழுநிலா நாளில் மலைவலம் வருவோர் கூட்டத்தை வேங்கிக்காலில் உள்ள எவரும் அறிவர். மாலை தொடங்குகையில் மக்கள் ஒருவரையொருவர் தொடாமல் இடைவெளிவிட்டு நடப்பர். வீதி அவர்களால் ஒரு மாற்றமும் அடைந்ததாகத் தோன்றாது. கூட்டம் பெருகப்பெருக இடைவெளி குறையும். ஆனால் நெருக்கம் தெரியாது. ஒரு நேரம் வரும். தோளோடு தோள் உரசும். அதுமுதல் ஒருவர் கூடுதலாக நுழைந்தாலும் கூட்டம் முழுவதும் அதனை உணர்ந்து எதிர்த்து நெருக்கும். நீர்மேல் பரவிய நெய்யும் இவ்வாறே இருந்தது. பரப்பு அகன்றிருக்கும்வரை நெய் இருந்தும் இல்லாததுபோலவே நீரின் இழுவிசை தூய நீரின் அளவில் நின்றது. பட்டையை நகர்த்திப் பரப்பைச் சுருக்கிக்கொண்டே வருகையில், ஒரு குறித்த எல்லையை அடைந்ததும் இழுவிசை திடீரென வீழத் தொடங்கியது. பட்டையைப் பின்னே நகர்த்தினால் பழைய நிலை மீண்டது. சிறிது சிறிதாகக் குறையும் என்று எவரும் எண்ணக்கூடிய இடத்தில் இவ்வாறு ஓர் எல்லைக்கோடு இருந்தது வியப்பன்றோ? அக்கோட்டைக் கண்ட ஆண்டில் அவருக்கு அதன் பொருளைச் சொல்ல ஆள் இல்லை. கண்டதைக் குறித்துவைத்தார். மீண்டும் அளந்தார். இவ்வாறு ஏறக்குறையப் பத்து ஆண்டுகள் சென்றன.

இங்கிலாந்தில் ரேலி பிரபு என்பார் அந்நாளில் பௌதிக உலகில் தலைசிறந்தவர்களுள் ஒருவர். பிற்காலத்தில், ஆர்கான் என்னும் வாயுவைக் கண்டமைக்காக, 1904இல் நோபெல் பரிசு பெற்றவரும் அவரே. 1890ஆம் ஆண்டில் அவர் எங்கள் தாம்பாள விளையாட்டையே பேரளவில் நிகழ்த்தினார். அகன்ற தொட்டி நீரில் கற்பூரத் துகள்களை ஓடவிட்டு, அவற்றை நிறுத்துதற்கு எவ்வளவு ஒலிவ எண்ணெய் வேண்டும் என்று நிறுத்துப் பார்த்தார். எண்ணெயின் அளவையும் நீர்ப்பரப்பையும்கொண்டு கணக்கிட்டபோது, அவ்வெண்ணெய்ப் படலத்தின் கனம் ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பகுத்தால் அதில் இரண்டு பங்குக்கும் குறைவு என்று தெரிந்தது. இவ்வாராய்ச்சியைப்பற்றிய செய்தி ஜெர்மானியச் சஞ்சிகையொன்றில் வந்தது. பிரவுன்ஷ்வைக்கில் அடுக்களையும் நோயாளர் அறையுமாகக் காலங்கழித்த பெண்மணி அதனைப் படித்தார்.

1891ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் நாள் அவர் ரேலி பிரபுவுக்கு ஜெர்மன் மொழியில் ஒரு கடிதம் வரைந்தார். அறிமுகமில்லாத ஒருவர், அதுவும் ஒரு பெண், ஒரு பிரபுவுக்கு எழுதும் கடிதமாதலின் பணிவோடு தொடங்கினார். பல காரணங்களால் தம் ஆராய்ச்சியைத் தாமே சஞ்சிகைகளில் வெளியிட இயலாதிருப்பதைக் குறிப்பிட்டார். அதன்பின் சுற்றிவளைப்பின்றித் தொட்டியின் நீளம் அகலம் முதலாகக் கண்டவை யாவற்றையும் கூறினார். அக்கடிதத்தைப் படிக்கையில் எனக்குப் பெருவியப்பைத் தந்தது அதில் ஒரு புலம்பலும் இல்லாமையே. பிறர் பல பக்கம் எழுதியிருப்பர்.

ரேலி பிரபுவின் மனைவியார் அதனை ஆங்கிலத்தில் பெயர்த்தார். படித்த பிரபு, தாம் அண்மையில் கண்டவற்றுட் பலவற்றை இப்பெண்மணி வீட்டுப் பொருள்களைக்கொண்டே முன்னரே கண்டிருப்பதையும், பிற்பகுதியில் தாம் எண்ணாத கேள்விகளையும் எழுப்பியிருப்பதையும் உணர்ந்தார். பிறர் கண்டதைத் தமதாக்கிக்கொள்வது எவ்வளவு எளிதாயிருந்தது! அவர் அவ்வாறு செய்தாரல்லர். நேச்சர் என்னும் புகழ்பெற்ற விஞ்ஞானச் சஞ்சிகையின் ஆசிரியருக்கு அக்கடிதத்தை அனுப்பி, அதனை அம்மையார் பெயராலேயே வெளியிடுமாறு வேண்டினார். 1891 மார்ச் 12ஆம் நாள் இதழில் அது வெளிவந்தது. அம்மையாருக்கு அப்போது வயது இருபத்தொன்பது.

அதன்பின் அம்மையார் மேலும் சில கட்டுரைகள் எழுதினார். 1892இல் நேச்சரில் வந்த கட்டுரை, வெவ்வேறு பொருள்களைச் சம அளவில் நீர்மேல் இட்டால் அவை நீர்ப்பரப்பை எவ்வெவ்வாறு மாசுபடுத்துகின்றன என்பதைப்பற்றியது. எல்லா நெய்யும் ஒரு தன்மையன அல்ல. ஒவ்வொன்றும் தனக்கென ஓர் இடத்தைக் கோருகின்றது. நீரில் எளிதில் பரவாத பொருளை விரைவில் ஆவியாகும் பென்ஸீனில் கரைத்து நீர்மேல் விட்டால், பென்ஸீன் பறந்துபோகப் பொருள்மட்டும் மெல்லிதாய்ப் பரவி நிற்கும் என்னும் உபாயமும் அவர் கையாண்டதே. இன்றும் ஆராய்ச்சிச் சாலைகளில் பென்ஸீனுக்குப் பதில் குளோரோபாரம் முதலியவற்றைக்கொண்டு இம்முறையே பின்பற்றப்படுகின்றது.

இங்கே தமிழ் மாணவன் ஒரு சொல் இடைமறிக்க இடந்தரல் வேண்டும். நெய் என்னும் சொல் நம் மொழியில் பசுநெய்க்கு மட்டும் உரியதன்று. எள்ளின் நெய் எண்ணெய். பிற வித்துக்களின் நெய்யும் நெய்யே. நீரோடு ஒட்டாத இவ்வினப் பொருள்கள் அனைத்துக்கும் ஒரு பெயர் தேடி அலையும் நண்பர்கள் நெய்ப்பொருள் என்று சொன்னால் போதும். கொழுப்பு என்பது வேறு பொருளையும் உணர்த்திவிடும்.

ரேலி பிரபு 1899இல் அம்மையாரின் எல்லைக்கோட்டுக்குப் பொருள் கூறினார். நெய்யின் மூலக்கூறுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், ஒரே அடுக்காய், நெருங்கி நிற்கத் தொடங்கும் நிலையே அது என்றார். அமெரிக்கராகிய இர்விங் லாங்மூர் என்பார் 1917இல் அதனை இன்னும் தெளிவாக்கினார். மூலக்கூறு ஒவ்வொன்றுக்கும் நீரை விரும்பும் தலை ஒன்றும், நீரை வெறுக்கும் நீண்ட வாலும் உண்டு. தலை நீரிற் படிய, வால் காற்றில் நிமிர, அவை தலைகீழாய் நின்றவர்களைப்போல் அணிவகுத்து நிற்கின்றன. வால் நீண்டதாயினும் குறுகியதாயினும், நெருங்கி நிற்கையில் ஒவ்வொன்றும் கொள்ளும் இடம் ஏறக்குறைய இருபது சதுர ஆங்ஸ்ட்ராம் என்று அவர் கண்டமையே அவை நிமிர்ந்து நிற்கின்றன என்பதற்குச் சான்று. லாங்மூர் கையாண்ட தொட்டி அம்மையார் தொட்டியின் வழித்தோன்றலே.

அம்மையார் வாழ்க்கை இக்காலத்தில் எவ்வாறு இருந்தது? தந்தையார் 1906இல் இறந்தார். அறிவு உலகத்தோடு அவரைப் பிணைத்திருந்த தம்பி 1913இல் இறந்தார். தாயார் 1914இல் மறைந்தார். அவ்வாண்டிலேயே பெரும்போர் மூண்டது. ஏறத்தாழ முப்பதாண்டுகள் நோயாளர்க்குப் பணிசெய்து முடித்த நேரத்தில், நூல்களும் சஞ்சிகைகளும் வரும் வழிகள் அடைபட்டன. ஓய்வு வந்தபோது துணை போயிற்று.

ஆனால் தொட்டி ஓயவில்லை. 1925ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டு லெய்டன் நகரத்தில், குழந்தை மருத்துவப் பேராசிரியர் கோர்ட்டர் என்பாரும் கிரெண்டல் என்பாரும் மனிதர், ஆடு, நாய், முயல் முதலியவற்றின் இரத்தத்தை எடுத்து, சிவப்பணுக்களின் நெய்ப்பொருளைப் பிரித்து, அத்தகைய தொட்டி நீரில் பரப்பி அளந்தனர். அணுக்களின் மேற்பரப்பு எவ்வளவோ அதனினும் இருமடங்கு இடத்தை அந்நெய் நிரப்பியது. ஆகவே உயிரணுவைப் போர்த்திருக்கும் சவ்வு நெய்ப்பொருளின் இரட்டை அடுக்கு என்று முடிவு செய்தனர். வாலோடு வால் உட்புறம் சேர, தலைகள் இருபுறமும் நீரை நோக்கும். அவர்கள் அளவுகளில் இரண்டு பிழைகள் இருந்தன. நெய் முழுவதும் பிரியவில்லை. அணுவின் பரப்பையும் குறைவாக மதித்தனர். அவ்விரு பிழைகளும் ஒன்றையொன்று ஈடுசெய்து உண்மையான விடையையே தந்தன. தேர்வில் நமக்கு இத்தகைய பேறு கிட்டுவதில்லை!

அவ்வாண்டிலேயே இங்கிலாந்தில் லீத்ஸ் என்பார் வேறொரு புதுமையைக் கூறினார். லெசித்தின் என்னும் நெய்ப்பொருளையும் கொலஸ்டிராலையும் கலந்து நீர்மேல் பரப்பினால், கலவை கொள்ளும் இடம் தனித்தனியே அவை கொள்ளும் இடங்களின் தொகையினும் குறைவாயிருந்தது. ஒரு படி நெல்லும் ஒரு படி கடுகும் கலந்தால் இரண்டு படி வாராமை போல்வது இது. ஆனால் நெல்லிடைக் கடுகு சும்மா ஒளிந்திருக்கும். கொலஸ்டிராலோ அருகில் உள்ள நெய்வால்களை நிமிர்ந்து நிற்கவும் செய்கின்றது. கலப்பினால் ஒன்று மற்றொன்றின் ஒழுக்கத்தை மாற்றுகின்றது என்பது இதனால் விளங்கிற்று. வெவ்வேறு நெய்கள் வெவ்வேறு இடம் கோரும் என்று 1892இல் தனித்தனியே அளந்தவர் அம்மையார். அவற்றைச் சேர்த்துவைத்தால் என்னாகும் என்னும் கேள்விக்கு இங்கே தொடக்கமாயிற்று.

இக்கேள்வி பின்னர் எங்கெங்குச் சென்றது என்பதையும் இவ்விடத்திலேயே கூறிவிடுகின்றேன். மார்கழியில் திருவண்ணாமலைப் பக்கத்துக் குளிரில் தேங்காயெண்ணெய் வெண்கட்டியாய் உறையும். நல்லெண்ணெய் உறையாது. முன்னதில் நேரான வால்கள் மிகுதி. அவை விறகுக்கட்டுப்போல் எளிதில் அடுக்கிக்கொள்ளும். பின்னதில் இடையே முடங்கிய வால்கள் மிகுதியாதலின் அடுக்கு அமையாது. இரண்டையும் ஒரு புட்டியில் கலந்து வைத்தால், குளிர்காலையில் தெளிந்த எண்ணெயினூடே வெண்ணிற மணிகள் பிரிந்து நிற்கக் காணலாம். உயிரணுவின் சவ்விலும் நேரான வால்களும் முடங்கிய வால்களும் கொலஸ்டிராலும் கலந்தே உள்ளன. 1960களில் இங்கிலாந்தில் பாங்கம் என்பார் முட்டை மஞ்சட்கருவின் லெசித்தினை நீரில் இட, அது தானாகவே வெங்காயத் தோல்போல் அடுக்கடுக்கான நுண்பைகளாகக் கூடியதைக் கண்டார். உயிரில்லாத, ஆனால் உயிரணுவின் சவ்வை ஒத்த, அத்தகைய பைகளில் கலவைகளைப் பரிசோதித்தல் அதன்பின் எளிதாயிற்று. 2003இல் அமெரிக்காவில் சாரா வீச், சாரா கெல்லர் என்னும் இரு பெண்மணிகள் மூவகை நெய்ப்பொருள்களால் ஆகிய பெரிய பைகளுக்குச் சாயம் ஊட்டி நுண்பெருக்கியால் நோக்கினர். வெம்மையில் ஒரே நிறமாய் இருந்த பையின் மேனியில், குளிரக் குளிர வட்டவட்டமான தீவுகள் தோன்றின. ரசத்தின்மேல் மிதக்கும் நெய்வட்டங்கள் ஒன்றையொன்று தொட்டதும் சேர்ந்து பெருவட்டம் ஆவதுபோல் அத்தீவுகளும் சேர்ந்தன. நேர்வாலுடையவை கொலஸ்டிராலோடு கூடித் தீவாக, முடங்கிய வாலுடையவை சூழ்ந்த கடலாயின. உயிருள்ள அணுக்களின் சவ்விலும் இத்தகைய மிதவைகள் உள்ளனவா என்பதைப்பற்றி, சைமன்ஸ், இகோனென் என்பார் 1997இல் அக்கருத்தை விரித்து எழுதியதுமுதல் அறிஞர் வழக்காடி வருகின்றனர். பெங்களூரில் இராமன் 1948இல் நிறுவிய ஆராய்ச்சி நிலையத்திலும் கொலஸ்டிரால் கலந்த நெய்யடுக்குகளை எக்ஸ் கதிர்களால் ஆராய்ந்துள்ளனர்.

இவையெல்லாம் கற்றோர் பொழுதுபோக்கு என்று எண்ணற்க. பிறந்த குழந்தையின் முதல் மூச்சு இதில் அடங்கியுள்ளது. நம் நுரையீரலின் நுண்ணறைகளின் உட்புறம் நீரால் நனைந்தது. நீரின் இழுவிசை தடையின்றி நின்றால், மூச்சை வெளிவிடுந்தோறும் அவ்வறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். ஒட்டாமல் காப்பது அந்நீர்மேல் பரவிய நெய்ப்படலமே. அறை சுருங்கச் சுருங்கப் படலம் நெருங்கி, இழுவிசை வீழ்கின்றது. அடுக்களைத் தொட்டியில் பட்டையை நகர்த்தியபோது நிகழ்ந்தது இதுவேயன்றோ! 1957இல் அமெரிக்க மருத்துவர் கிளமென்ட்ஸ் நுரையீரல் சாற்றைத் தொட்டியில் இட்டு, பரப்பைச் சுருக்கி, இவ்வாறு விசை வீழ்வதை அளந்து காட்டினார். 1959இல் மேரி எல்லன் ஏவரி என்னும் அம்மையாரும் மீட் என்பாரும், குறைமாதத்தில் பிறந்து மூச்சுத் திணறி மாண்ட குழந்தைகளின் நுரையீரலில் அப்பொருள் போதாமையைக் கண்டனர். கருவளர்ச்சியின் கடைசி வாரங்களிலேயே அது போதிய அளவு ஊறுகின்றது. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடியின் மகவு 1963இல் இந்நோயால் இரண்டு நாளும் நிறையாமல் இறந்தது. அவ்வளவு செல்வமும் அதிகாரமும் ஒரு துளி நெய்க்கு ஈடாகவில்லை. 1980இல் ஜப்பானிய மருத்துவர் புஜிவாரா, மாட்டின் நுரையீரலிலிருந்து எடுத்துச் செம்மைசெய்த அத்தகைய பொருளைக் குழந்தைகளின் மூச்சுக்குழலில் விட்டு நற்பயன் கண்டதை வெளியிட்டார். இன்று நம் நாட்டு மருத்துவமனைகளிலும் அம்மருந்து வழங்குகின்றது. அதுவும் ஒரு கலவையே. நேர்வால் நெய்மட்டும் இருந்தால் படலம் உறுதியாய் நிற்கும், ஆனால் விரைந்து பரவாது. முடங்கிய வாலுடையவையும் சில புரதங்களும் உடன் இருந்தாலன்றி அடுத்த மூச்சுக்குள் அது விரிந்து மூடாது.

இனி அம்மையாரின் இறுதிக் காலத்தைக் கூறுவோம். முதுமையில் அவரை உலகம் மீண்டும் நினைத்தது. பிரான்சு நாட்டு அறிஞர் ஆன்றி டெவோவும் அவரும் ஒரு பரிசைப் பகிர்ந்து பெற்றனர். 1932ஆம் ஆண்டில், அவருக்கு எழுபது வயது நிரம்பியபோது, பிரவுன்ஷ்வைக்குத் தொழில்நுட்பக் கல்லூரி அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. இளமையில் மாணவியாகவும் நுழைய இயலாத இனக் கூடம் ஒன்று அவரை முதுமையில் டாக்டராக அழைத்தது. அதே ஆண்டில் லாங்மூர் மேற்பரப்பு இரசாயனத்துக்காக நோபெல் பரிசு பெற்றார். அப்பரிசில் அம்மையாருக்குப் பங்கு இல்லை. லாங்மூரின் பெருமையைக் குறைப்பது என் கருத்தன்று. அவர் அளவுகள் மிக நுண்ணியவை, விளக்கமும் ஆழமுடையது. ஆயினும் அத்தொட்டி உலகெங்கும் லாங்மூர் தொட்டி என்றே வழங்கிவந்தது. அண்மைக் காலத்தில் ஒரு சிலரே பொக்கெல்ஸ் பெயரையும் அதனோடு சேர்த்து எழுதுகின்றனர்.

1935ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் அவர் பிரவுன்ஷ்வைக்கிலேயே காலமானார். மணஞ்செய்துகொள்ளவில்லை.

நெய்ப்படலத்தை ஆராயும் எந்தச் சாலையிலும், பரிசோதனை தொடங்குமுன் செய்யும் முதல் வேலை ஒன்று உண்டு. காற்றில் இருந்தும் கையில் இருந்தும் படிந்த கண்ணுக்குத் தெரியாத நெய்யைப் பட்டையால் ஒருபுறமாக வழித்து ஒதுக்கி, நீரின் முகத்தைத் தூய்மை செய்வர். எங்கள் தாம்பாளத்தை நாங்கள் கொட்டித் துலக்கியதற்கு மாறாக, நீரை அப்படியே வைத்து அதன் முகத்தை மட்டும் துடைக்கும் இம்முறையும் 1891இல் ரேலி பிரபுவுக்குச் சென்ற அக்கடிதத்தில் உள்ளது.